மயிலிட்டியில் நான் பார்த்த முதல் பிரசவம்

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போய்வந்தவர்கள் தலை முழுகாமல் தங்கள் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கமாட்டார்கள். துடக்கு, அதாவது தீட்டு. அதில் எனக்கு மறுப்பில்லை; குளிப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த வீட்டுக்குள் போகும்போது கையைக் கழுவிய ஒருவரையும் நான் கண்டதில்லை. பெற்றவளிடமிருந்து தங்களுக்கு ஏதாவது ஒட்டிவிடுமோ என்றுதான் எல்லாருக்கும் பயம். தங்களிடமிருந்து அவளுக்கு ஒட்டுமே என்று நினைக்க ஒரு சீவன் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

மருத்துவமாது வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்று இணுவிலில் எங்கள் வீட்டில் சொன்னபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"ஊரெல்லாம் துடக்குக்கு விலகி நடக்குது. நீ துடக்கு வீட்டிலையே சீவிக்கப் போறியோ? படிச்ச பெட்டையளுக்குப் பள்ளிக்கூடம் இருக்குத்தானே."

தோட்டத்தால் வந்த ஐயா மண்வெட்டியைச் சாத்திவிட்டு யோசித்தார். என் தகப்பனார் கத்துகிற மனிதர் அல்ல, பேரம் பேசுகிறவர்.

"பயிற்சியை முழுக்க முடிச்சால் உன்ரை விருப்பம். முடியாமல் திரும்பி வந்தால், நான் பேசுற கலியாணத்துக்கு ஓம் எண்டு சொல்லவேணும்."

"ஓம்" என்றேன். முடிப்பேன் என்ற திமிர்தான்.

ஆஸ்பத்திரிப் படிப்பில் ஒரு தடையும் வரவில்லை. கடைசிக் கட்டத்தில்தான் மாட்டிக்கொண்டேன். ஊருக்குள் தங்கி, வீட்டுப் பிரசவம் ஒன்றையாவது நானே பார்க்கவேண்டும். மேற்பார்வை மிஸி, அதாவது பெரிய தாதி, அந்த வீட்டாரை விசாரித்துத் திருப்தி என்று சொன்னால்தான் வேலை. என்னை மயிலிட்டிக்கு அனுப்பினார்கள். கடற்கரை ஒழுங்கைகளில் குடையும் பையுமாக அலைந்தேன். பிள்ளைத்தாச்சி இருந்த வீடுகளில் எல்லாம் என்னை இருத்தி, தேத்தண்ணி தந்து, அன்பாகக் கதைத்து அனுப்பினார்கள். வலி கண்டதும் வழக்கமான மருத்துவிச்சியைக் கூப்பிட்டார்கள். பிள்ளை பிறந்த செய்தி மறுநாள் சந்தையில்தான் என் காதுக்கு வரும். தவணை முடிய வந்துவிட்டது. ஐயா பேசப்போகும் மாப்பிள்ளையின் மூஞ்சி எனக்குக் கனவில்கூட வரத் தொடங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மீன்பிடிக்காரர் ஒருவர் மூச்சிரைக்கச் சைக்கிளில் வந்தார். மனைவிக்கு வலி கண்டுவிட்டது. மருத்துவிச்சி பருத்தித்துறையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம். வேறு ஆள் இல்லாததால் நான். அது எனக்குப் போதும்.

"மூத்தது பிறந்து ஒரு கிழமைக்குள்ளை வலிப்பு வந்து செத்துப்போச்சுது" என்று வழியில் சொன்னார். அழுக்குக் கையோ கத்தியோ கொப்பூழில் பட்டால் வருகிற வலிப்பு அது என்று ஆஸ்பத்திரியில் படித்திருந்தேன்.

கத்தரிக்கோலையும் நூலையும் அவித்து, என் கைகளைத் தேய்த்துக் கழுவி, எல்லாம் ஒழுங்காக்கிய நேரத்தில் அந்த மீன்பிடிக்காரரின் தாய் வந்தார். அம்மன் கோயிலில் நேர்த்தி வைத்துவிட்டு ஈரத் தலையோடும் கை நிறையத் திருநீற்றோடும் வந்திருந்தார். மருமகளுக்குப் பூசிவிட்டுப் பிள்ளையைத் தன் கையால் ஏந்துவதற்கு நேரே அறைக்குள் வந்தவரை வாசலில் மறித்தேன்.

"சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவிப்போட்டு வாங்கோ அம்மா."

"நான் தோய்ஞ்சு கோயிலுக்குப் போட்டு வாறன். என்ரை கையிலை என்ன ஊத்தை?"

"குருக்களும் தோய்ஞ்சுதானே வாறார். பிறகும் கை கழுவித்தானே சாமியைத் தொடுறார்."

"அது சாமி. இது என்ரை மருமகள். நீர் வந்த வழியாலை போம்."

போனால் என் பயிற்சியும் அதோடு போய்விடும். கொஞ்சம் விலகி நின்றால் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். மிஸியும் திருப்தி என்பார். விட்டுவிடு என்று மனம் சொல்லாமல் இல்லை. ஆனாலும் கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"பிள்ளை பிறந்தாப்பிறகு போறன். அதுவரைக்கும் கழுவாத கை உள்ளுக்கு வராது."

அவர் மகனைக் கூப்பிட வாயெடுத்தார். அப்போது எனக்குப் பின்னாலிருந்து, அதுவரை முனகிக்கொண்டு மட்டும் கிடந்த அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

"மாமி, கழுவுங்கோ. இல்லாட்டி வெளியிலை நில்லுங்கோ."

அந்த வீட்டில் அப்படி ஒரு சொல் அதற்கு முன் எழுந்திருக்காது. மாமியார் வாசலடியில் குந்தினார். நான் தண்ணீர் ஊற்ற ஊற்ற, கோயில் திருநீறு கரைந்து போவதைப் பார்த்தபடி இரண்டு கையையும் தேய்த்தார். மத்தியானத்துக்கு முன் பெண்பிள்ளை பிறந்தது. அவர்தான் ஏந்தினார். என்னோடு கதைக்கவேயில்லை.

தினமும் போய்க் கொப்பூழைப் பார்த்தேன். மூத்தது செத்த அந்த முதல் வாரத்தில் ஒரு நாளும் தவறவில்லை. கிழமை தாண்டியும் பிள்ளை பால் குடித்தது, வீடு அதிரக் கத்தியது. பிறகு மிஸி விசாரிக்க வந்தார். நான் வேலியோரம் நின்றேன்.

"இவவிலை ஏதும் குறை இருக்கோ அம்மா?" என்று மிஸி கேட்டார்.

"இருக்கு" என்றார் மாமியார்.

அவ்வளவுதான், இணுவிலுக்குத்தான் என்று நினைத்தேன்.

அவர் என்னைக் காட்டி மிஸியைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"மூத்ததுக்கு ஏன் உந்தப் பிள்ளையை அனுப்பேல்லை?"