சத்தம் வராத வெளிச்சம்

எனக்கு அப்போது எட்டு வயது. வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை என்ற நினைப்பு எனக்கு இருந்தது. எல்லாம் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் போனில் பார்த்த வீடியோக்கள். அவர்களுடைய வாகனம் சத்தமே இல்லாமல் வரும். உடம்பெல்லாம் வெள்ளி நிறம். வேண்டுமென்றால் நம் வீட்டு ஆள் மாதிரியே உருவம் எடுத்துக்கொள்வார்கள். இத்தனையும் தெரிந்துகொண்டு எப்படித் தூங்குவது என்பதுதான் தெரியவில்லை.

சாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். அப்பா லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். அம்மா பட்டாசுக் கம்பெனியில் வெடிக்கு மருந்து செலுத்தும் வேலை பார்த்தாள். தீபாவளி சீசன் என்பதால் பொழுது சாயும்வரை வேலை இருந்தது. ஆறரைக்கு வேன் வரும்.

அன்று தெருவில் நின்று வேனை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வடகிழக்கே, கம்பெனிகள் இருக்கும் திசையில், கருவேலங்காட்டுக்கு மேலே வெள்ளையாக ஒன்று எழும்பியது. முனையில் ஒரு பொட்டு வெளிச்சம். அதன் பின்னால் விசிறிபோல் விரியும் புகை. அந்தப் புகையே ஒளிர்ந்தது. நான் போட்ட கத்தலில் அக்கா கையில் கரண்டியோடு ஓடிவந்தாள்.

வானத்தைப் பார்த்தவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எண்ணத் தொடங்கினாள். "ஒண்ணு... ரெண்டு... மூணு..."

ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் வந்து நின்றார்கள். அது தரையிறங்க இன்னும் எத்தனை விநாடி என்று அக்கா எண்ணுவதாக நினைத்து அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டேன். பதினைந்தைத் தாண்டினாள். நாற்பதில் நிறுத்தி, அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள்.

"சத்தம் வரலை பெரியம்மா. கம்பெனி அஞ்சு கிலோமீட்டர். வெடிச்சிருந்தா பதினைஞ்சு எண்ணுறதுக்குள்ள கேட்டிருக்கும்."

பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தெருவே மூச்சு விட்டது. எனக்கோ அப்போதுதான் உயிர் போனது. சத்தம் இல்லாமல் வருவது எதுவென்று எனக்குத்தானே தெரியும். அழுதுகொண்டே அக்காவிடம் சொன்னேன்.

அக்கா கல்லூரியில் இயற்பியல் படித்தாள். அவள் சிரிக்கவில்லை. "இங்கன இருட்டிருச்சு. அதுக்கு மட்டும் எங்கருந்து வெளிச்சம்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ராக்கெட்டு விட்டிருக்காக. அது ரொம்ப உசரத்துல போகுது. நமக்குப் பொழுது அடைஞ்சாலும் அங்கன இன்னும் வெயில் அடிக்குது. காத்து இல்லாத இடம், அதான் புகை அம்புட்டு அகலமா விரியுது."

"எதுக்கும் உங்கம்மாவுக்கு ஒரு போன் போடு" என்றார் பெரியம்மா. கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

ஆறரை ஆயிற்று. ஏழும் ஆயிற்று. வேன் வரவில்லை. புகை கலைந்து வானம் கறுத்தது. அக்கா தெருமுக்குவரை போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நான் முடிவுக்கு வந்திருந்தேன்.

கடைசியில் வேன் வந்தது. அம்மா இறங்கி அதன் முன்விளக்கில் நடந்து வந்தாள். முகம், கழுத்து, கை எல்லாம் வெள்ளி.

வீட்டுக்குள் ஓடிக் கதவைத் தாழ் போட்டேன். மருந்தில் கலந்திருக்கும் அலுமினியப் பொடி உடம்பெல்லாம் அப்பியிருக்கும்; அதைக் கம்பெனிக் குழாயிலேயே தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அம்மா தினமும் வேன் ஏறுவாள். அந்த நிறத்தில் அவளை நான் பார்த்ததே இல்லை.

"கதவைத் திற பிள்ளே. அம்மாதான்."

"எனக்கு எந்தக் காதுல சீழ் வந்துச்சு?"

"எடது காது. ரெண்டு தடவ வந்துச்சு."

திறந்தேன். அம்மா செருப்பில்லாமல் நின்றாள். சேலை கிழிந்திருந்தது. கால் முழுக்க முள். அக்கா ஊக்கை வைத்து ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"வெளிச்சத்தப் பாத்ததும் பக்கத்து மருந்து ரூம்புதான் வெடிச்சுப் போயிருச்சுன்னு நெனச்சோம்" என்றாள் அம்மா. "அம்புட்டு பேரும் முள்ளுக்குள்ள விழுந்து ஓடிட்டோம். திரும்பிப் போயி குளிக்கிறதுக்கு ஒருத்திக்கும் தெம்பில்ல."

டிவியில் ராக்கெட் செய்தியைக் காட்டினார்கள். அக்கா சொன்னது சரிதான். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "பாத்தியாம்மா, வெறும் ராக்கெட்டு. இனிமே பயப்படாத" என்றேன்.

"சரி பிள்ளே."

"நாளைக்குப் போகாதம்மா" என்றாள் அக்கா. அம்மா தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

விடிந்ததும் வேனின் ஹாரன் கேட்டது. அம்மா காலில் துணி சுற்றி, அக்காவின் செருப்பைப் போட்டுக்கொண்டு, தூக்குவாளியோடு ஏறினாள். ராக்கெட் என்று தெரிந்ததும் அவளுக்கும் பயம் விட்டுப்போயிற்று, அதனால்தான் போகிறாள் என்று நினைத்தேன். நன்றாகக் கையாட்டி அனுப்பினேன். அக்கா மட்டும் ஏன் கையாட்டவில்லை என்று கேட்டேன். "போயி பல்லத் தேயி" என்றாள். பல் தேய்க்கப் போனேன்.