மண் சுவருக்குப் பூசிய சிமெண்ட்

எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் சும்மா உட்கார்ந்ததில்லை. விரல் முட்டியால் சுவரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் காபித் தம்ளரைக் கையில் வாங்குவார்கள். ஓவர்சியர் வீட்டுச் சுவர் மண்ணா என்று அவர்களுக்குச் சந்தேகம். ஆமாம், மண்தான். அந்தத் தட்டல் சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அறுபதுகளின் கடைசியில் கடத்தூருக்குப் பக்கத்தில் அப்பா அந்த வீட்டைக் கட்டினார். அரசாங்கத்தில் ஓவர்சியராகப் பள்ளிக்கூடங்களும் பாலங்களும் கட்டிக்கொண்டிருந்தவர் அவர். சித்திரை வெயிலில் காங்கிரீட் கூரைக்கடியில் பிள்ளைகள் வெந்து போவதைப் பார்த்து நொந்து போயிருந்தார். பர்மிட் இல்லாமல் ஒரு மூட்டை சிமெண்ட் கூடக் கிடைக்காத காலம் வேறு. அதனால் தன் வீட்டை வேறு மாதிரி யோசித்தார். கருங்கல் அஸ்திவாரம். அதன் மேல் செம்மண்ணும் வைக்கோலும் கொஞ்சம் சுண்ணாம்பும் சேர்த்து மிதித்து எழுப்பிய ஒரு முழ அகலச் சுவர். சுவர்களின் தலையைச் சுற்றி ஒட்டியாணம் போலக் கம்பி போட்ட காங்கிரீட் பட்டை. கூரையிலும் கம்பிகளுக்கு நடுவே பழைய ஓடுகளை இரண்டிரண்டாக அடுக்கி, அதற்கு மேல் காங்கிரீட் போட்டார். ஓடு இருக்கும் இடத்தில் சிமெண்ட் மிச்சம், உள்ளே சூடும் அவ்வளவாக இறங்காது. பாதி குடிசை, பாதி பங்களா என்று ஊரில் கேலி பேசினார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மேற்கு அறை அக்காவுடையது. எனக்கு மூன்று வயது மூத்தவள். வெயில் காலத்து மத்தியானங்களில் கன்னத்தைச் சுவரில் வைத்துக்கொண்டு வாரப் பத்திரிகை படிப்பாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், "உனக்கு அந்தப் பக்கச் செவுரு இருக்குதில்ல, போடி" என்று விரட்டுவாள்.

அவளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோதுதான் அந்தச் சுவர் குறுக்கே வந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போக மாட்டார்கள், வீட்டையும் பார்ப்பார்கள். வந்த இரண்டு இடங்கள் சுவரைத் தட்டிப் பார்த்ததோடு சரி, அப்புறம் பேச்சு மூச்சே இல்லை. மூன்றாவதாக வந்தவர்கள் அரூரைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். நல்ல நிலபுலன். மாப்பிள்ளை தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தார். அவருக்கும் சேர்த்து அவருடைய பெரியப்பா பேசினார்.

"என்னங்க ஓவர்சியரே, ஊருக்கெல்லாம் சிமெண்ட்டுல கட்டறீங்க, உங்க வூடு மட்டும் மண்ணாட்டம் இருக்குது?"

அப்பா பட்டையைக் காட்டினார், கூரையைக் காட்டினார், அறைக்குள் அழைத்துப் போய்க் குளிர்ச்சியைக் காட்டினார். பெரியப்பா பஸ்ஸில் பல்பொடி விற்பவனைப் பார்ப்பது போல அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாலு சனம் வந்து போற எடங்க. பார்வையா இருக்கணுமில்ல."

நாலு நாள் கழித்துத் தரகர் வந்தார். சுவரைச் சிமெண்ட்டில் பூசிவிட்டால் தேதி வைத்துக்கொள்ளலாம் என்றார்களாம். அக்காவுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. என்னிடம் மட்டும் சொன்னாள். நான் அதை அம்மாவிடம் சொன்னேன், அம்மா அப்பாவிடம் சொன்னாள்.

"பூசிட்டாத்தான் என்னங்க ஆயிடும்?" என்று அம்மா கேட்டாள்.

"மண்ணுச் செவுரு ஈரத்த வாங்கும், திரும்ப வெளிய வுட்டுடும். சிமெண்ட்டு வெளிய வுடாது. எங்கயாச்சும் விரிசல் வுட்டா தண்ணி உள்ள போயி அங்கயே ஊறும்." சுவரை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு மழைக்குத் தாங்கும். கல்யாணம் முடியட்டும், நானே கொத்தி எடுத்துடறேன்" என்றார்.

சுவரில் கம்பி வலை அடித்து, வழவழவென்று பூசினார்கள். "இப்பத்தான் வூடாட்டம் இருக்குது" என்று அக்கம்பக்கத்தில் மெச்சினார்கள். கல்யாணம் நன்றாகவே நடந்தது. ஆனால் பூச்சைக் கொத்தி எடுக்கத்தான் வேளையே வரவில்லை. தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வருகிறார், பொங்கலுக்குச் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், வரும்போது சுவர் அம்மைத் தழும்பாக இருந்தால் என்ன நினைப்பார்கள்? அம்மா தள்ளிப் போட்டாள், அப்பாவும் தலையாட்டினார்.

அடுத்த ஐப்பசி மழையில் மேற்குச் சுவர் சரிந்தது. வெளியே பூச்சு பளபளவென்று இருக்க, உள்ளே மண் களியாகிக் கிடந்திருக்கிறது. ஒரு ஆள் நுழையும் அளவுக்கு அடிப்பாகம் பட்டப்பகலில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. கூரையும் விழவில்லை, அப்பா போட்ட பட்டை அதைப் பிடித்து நிறுத்தியிருந்தது. கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு அப்பா மண் குழைக்க ஆள் தேடி ஓடினார். அக்காவுக்கு அது ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அவளை அழைத்து வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவிலேயே பிரசவம் பார்க்கும் நர்ஸம்மா இருந்தார். அக்காவின் மாமியார் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வர, மெயின் ரோடு வரைக்கும் மாட்டு வண்டிதான்.

மழை விட்டபாடில்லை. வைத்த மண் காயவில்லை. அதற்குள் சேதி அரூர்ப் பக்கம் போய்விட்டது. வளைகாப்புக்கு நாங்கள் சீர்த்தட்டோடு போய் நின்றோம். எல்லாம் முடிந்து அழைத்துப் போகக் கேட்டபோது அதே பெரியப்பா எழுந்தார்.

"இடிஞ்ச வூட்டுக்கு வாயும் வவுறுமா இருக்கறவள அனுப்பறதுங்களா? எங்க சனத்துல அப்படிப் பழக்கமில்லீங்க."

சுவரைப் பூசச் சொன்னது யார் என்று கேட்க என் நாக்குத் துடித்தது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அக்கா இரண்டு கையிலும் வளையலோடு நிலைப்படியில் நின்றாள்.

"அப்பா, அந்த ரூமே வேணாம்ப்பா. நான் சமையக்கட்டுல படுத்துக்கறேன். கூட்டிட்டுப் போங்கப்பா."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். நாங்கள் வெறுங்கையோடு பஸ் ஏறினோம்.

மார்கழியில் அக்கா போய்விட்டாள். வலி எடுத்து ஒரு ராத்திரியும் ஒரு பகலும் வீட்டிலேயே வைத்திருந்திருக்கிறார்கள். வண்டி மெயின் ரோட்டை எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குழந்தையும் இல்லை. எங்கள் மேற்குச் சுவர் அந்த வாரம்தான் நன்றாகக் காய்ந்திருந்தது. இன்றைக்கும் இதை எழுதும்போது யாரையாவது அடிக்க வேண்டும் போலிருக்கிறது. யாரை என்றுதான் தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் அப்பா உளியும் சுத்தியலும் எடுத்து, மிச்சமிருந்த சுவர்களின் பூச்சைக் கொத்த ஆரம்பித்தார். அம்மா பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள்.

"அன்னைக்கே முடியாதுன்னு சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொல்லியிருந்தா அவளுக்குக் கல்யாணம் ஆயிருக்காதே."

"ஆவாட்டிப் போவுதுங்க," என்றாள் அம்மா. "இந்த வூட்லயே இருந்திருப்பா."