முட்டாள் சீட்டு வேண்டாம் என்றவர்கள்

மூன்று ஞாயிற்றுக்கிழமை! ஒரு சீட்டுக்கட்டு அச்சுப் போடலாமா வேண்டாமா என்று என் டயர் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, மூன்று ஞாயிறு தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசினார்கள். ஒரு பாடகருக்கு ரசிகர் மன்றமாம். மொத்தம் ஏழு பேர், என்னையும் சேர்த்து. அதில் அதிகம் பேசாதவள் ஒருத்திதான். அந்தச் சீட்டுகளை வரைந்தவள், என் அக்கா.

அக்காவுக்கு வேலை பல்செட் செய்கிற கூடத்தில். பத்தொன்பது வருடமாக அதே ஸ்டூல். பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சைப் பார்த்து மெழுகில் பல் செதுக்குவாள். பக்கத்தில் சின்னச் சுடர் ஒன்று எரிந்துகொண்டே இருக்கும். ஒரு காதில் மட்டும் இயர்போன், மற்றக் காது முதலாளியின் கத்தலுக்கு. இயர்போனில் எந்நேரமும் அந்தப் பாடகர்தான். நிச்சயமான கல்யாணம் நின்றுபோன வருடம் கேட்க ஆரம்பித்தவள், இன்னும் நிறுத்தவில்லை. அவளுக்கு ஆளைப் பல்லை வைத்துத்தான் அடையாளம் தெரியும். தெருவில் யாராவது சிரித்துவிட்டுப் போனால், "யாருக்கா அது?" என்று கேட்பேன். "பேரு தெரியாதுடா. மேல் வரிசையில ரெண்டு நான் செஞ்சது" என்பாள்.

டாரட் சீட்டு யோசனை மன்றத் தலைவருடையது. அவர் மருந்துக்கடைக்காரர். டாரட் என்பது குறி பார்க்கிற படச் சீட்டு. சூரியன், காதலர், சாவு, சாத்தான், முட்டாள் என்று முக்கியமானவை இருபத்திரண்டு. எல்லாவற்றிலும் நம் பாடகரை வரைந்து அச்சடிப்போம் என்றார். நான்கு வருடத்துக்குப் பிறகு அவர் மீண்டும் மேடை ஏறப்போகிறார், அன்று அரங்க வாசலில் கொடுக்கலாம் என்றார். அக்கா எட்டு மாதம், மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தின்று, பல்லுக்கு நிறம் தீட்டுகிற பிரஷ்ஷாலேயே வரைந்து முடித்தாள். இருபத்திரண்டும் அச்சாக வேண்டும். வாழ்க்கையில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

வரையச் சொன்னதும் இவர்களே. வரைந்து கையில் கொடுத்த பிறகு விவாதம் வந்ததும் இவர்களுக்கே. வயிறு எரியுமா எரியாதா?

முதல் ஞாயிறு சாவுச் சீட்டு. "அபசகுனமா இருக்கே. நல்ல சீட்டா மட்டும் போடலாமே" என்றார் கிளட்ச். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கோபம் வந்தால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இடது காலை அழுத்துவார், அதனால் அந்தப் பெயர்.

"நல்ல சீட்டு மட்டும் வச்சுக் குறி பார்த்தா அது குறியா, தாலாட்டா?" என்றாள் அக்கா. சிரித்துவிட்டார்கள். சாவு நிறைவேறியது.

இரண்டாம் ஞாயிறு சாத்தான். பாடகர் குடித்துக் கெட்ட காலத்தை வரைந்திருந்தாள். "அண்ணன் குடிச்சது ஊருக்கே தெரியும், போட்டா போட்டுக்கலாம்" என்று பெருந்தன்மையோடு விட்டுவிட்டார்கள்.

மூன்றாம் ஞாயிறு முட்டாள். அங்கேதான் வண்டி நின்றது.

அந்தப் படம் நான்கு வருடத்துக்கு முந்தைய கச்சேரி. இரண்டாவது சரணத்தில் வரி மறந்து நின்றார் மனிதர். அரங்கமே ஊளையிட்டது. விசிலடித்துக் கத்தினார்கள். அவர் மைக்கைத் தரையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார், அதற்குப் பிறகு மேடை ஏறவில்லை. அக்கா அவரை மேடை விளிம்பில், ஒரு காலை வெளியே எடுத்து வைத்தபடி வரைந்திருந்தாள். கீழே இருட்டில் கூட்டம்.

"நம்ம அண்ணனை நாமளே முட்டாள்னு அச்சடிச்சுக் கொடுக்கறதா? அவர் மானம் என்னம்மா ஆகறது?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"இதுல முட்டாள்னா மட்டமான அர்த்தம் இல்லீங்க. என்ன ஆகும்னு தெரியாமலே காலை எடுத்து வைக்கிறவன். அடுத்த மாசமும் அவர் அப்படித்தானே வரப்போறாரு?"

"அதெல்லாம் ஜனங்களுக்குப் புரியாதும்மா."

எனக்கு வந்ததே ஆத்திரம்! சாவுக்குத் தலையாட்டினார்கள், சாத்தானுக்குத் தலையாட்டினார்கள். இதற்கு மட்டும் மானம் பொத்துக்கொண்டு வந்துவிட்டதா? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று சீட்டை எடுத்து விளக்கருகே பிடித்தேன்.

படத்தில் இருந்த கூட்டத்தில் யாருக்கும் முகம் இல்லை, வாய் மட்டும்தான். திறந்த வாய், திறந்த வாயாக வரிசை. ஒவ்வொரு வாயிலும் பல். முன்வரிசையில் சந்து விழுந்த இரண்டு பல், அது மருந்துக்கடைக்காரர். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கீழ்ப்பல், அது கிளட்ச். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் என்ன செய்யும்! "அடப்பாவிகளா, இதுக்குத்தானா..." என்று வாயெடுத்தேன். அப்போதுதான் ஓரத்தில் இருந்த வாயைப் பார்த்தேன். இரண்டு விரலை உள்ளே விட்டு விசிலடிக்கிற வாய். மேலே பாதி உடைந்த முன்பல்.

ஜாக்கிக் கம்பி நழுவி உடைந்த என் பல் அது. அந்தக் கச்சேரிக்கு அப்புறம்தான் அக்கா அதற்கு உறை செய்து தந்தாள். வரி மறந்த நேரத்தில் நான் டீ குடிக்க வெளியே போயிருந்தேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். நாலு வருடம் அவளும் அதை நம்பினாற்போலவே இருந்தாள்.

"இந்தச் சீட்டு வேணாங்கறவங்க கை தூக்குங்க" என்றார் மருந்துக்கடைக்காரர்.

ஆறு கை எழுந்தது. ஆறாவது என்னுடையது. த்தூ! மூன்று ஞாயிறு அவர்களை மனதுக்குள் திட்டித் தீர்த்தவன் நான்.

அக்கா என் கையைப் பார்த்தாள். மற்றக் கையிலிருந்த சீட்டை வாங்கி மேசை நடுவில் வைத்தாள்.

"சரி. யாராவது ஒருத்தர் கிழிச்சுப் போட்டுடுங்க."

"நீயே எடுத்து வச்சுக்கோயேன்மா" என்றார் கிளட்ச். கால் அழுந்திக்கொண்டிருந்தது.

"வேணாம்னு முடிவு பண்ணது நான் இல்லீங்களே."

மருந்துக்கடைக்காரர் சீட்டை எடுத்தார். மூலையைப் பிடித்தார். அதில் நிற்கிறவரின் முகத்தைப் பார்த்தார். செய்தித்தாளில் பாடகர் படம் வந்தால்கூடக் கத்தரித்துப் பத்திரப்படுத்துகிற ஆள் அவர். சீட்டைக் கீழே வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அது கிளட்சிடம் போனது, கிளட்ச் தொடக்கூட இல்லை. அப்படியே சுற்றி என்னிடம் வந்தது.

"நீ கிழிக்கிறியாடா?"

"மாட்டேன்க்கா."

"ஏன்?"

"அவர் முகம் இருக்கேக்கா."

"அன்னிக்கும் இதே முகம்தானேடா இருந்துச்சு."

அவள் இருபத்தொரு சீட்டோடு அதையும் சேர்த்து அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, அச்சகத்துக்குக் கிளம்பினாள். வேண்டாம் என்று ஒரு கையும் எழவில்லை.