எழவு மாலையோடு ஆஸ்பத்திரிக்கு

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. கரப்பான்பூச்சிக்கும் பயம், கம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் பியூனுக்கும் பயம். அப்படிப்பட்டவளைப் பிடித்து எண்பதுகளின் தொடக்கத்தில் மண்ணாடிப்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் முதியோர் கல்வி டீச்சராகப் போட்டார்கள். நடவும் கரும்பு வெட்டும் முடிந்து சாயங்காலம் வரும் பெண்களுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுப்பது வேலை. அதோடு, பாண்டிச்சேரியில் நடந்த பயிற்சியில் ஒரு வக்கீல் அம்மா சொன்னதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு.

அந்தப் பாடத்தைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் நடத்தினேன். ஒரு பெண்ணை எவனாவது பலாத்காரம் செய்துவிட்டால் தப்பு அவள்மேல் இல்லை; அவள் குளிக்கக் கூடாது, புடவையைத் துவைக்கக் கூடாது, அப்படியே பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்; டாக்டர் எழுதிவிட்டால் பிறகு எவனாலும் மூடி மறைக்க முடியாது. பாடம் இவ்வளவுதான். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டியது. பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். குளிக்காமல் பஸ் ஏறினால் கண்டக்டரே இறக்கிவிட்டுவிடுவார் என்றாள் ஒருத்தி. கடைசியில் உட்கார்ந்திருந்த ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. இருபத்தைந்து வயதிருக்கும், கரும்பு வெட்டப் போகிறவள். புருஷன் வெளியூரில் வேலையாக இருந்தான், மாமியாரோடு இருந்தாள்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் அந்த மாமியார் என் வாசலில் வந்து நின்றார்.

"டீச்சரம்மா, எம் மருமவ குளிக்க மாட்டன்றா."

கதவைச் சாத்திக்கொண்டு நடத்திய அந்தப் பாடம் நினைவுக்கு வந்தது. நான் செருப்பைத் தேடினேன், அது காலிலேயே இருந்தது.

அவர்கள் வீட்டில் அண்டா நிறைய வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. மஞ்சளும் வேப்பிலையும் போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் பாசத்தோடுதான் அவளைக் கூப்பிட்டார்கள், தலைக்கு ஊற்றினால் எல்லாம் போய்விடும், புடவையைக் கொளுத்திவிடலாம் என்று. அவள் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, கிழிந்த புடவையோடு, ஒருவரையும் கிட்டே வரவிடாமல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "நீங்கதான டீச்சர் சொன்னீங்க" என்றாள். நான் சொன்னதை ஒருத்தி இவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள் என்று நான் நினைத்ததே இல்லை. அவளை நினைத்து வந்த பயம் போதாதென்று இப்போது என் வாயை நினைத்தும் பயம் வந்தது.

செய்தவன் கரும்பு வெட்டு மேஸ்திரி. முந்தின நாள் மற்றவர்கள் கரும்புக் கட்டு தூக்கிப் போன பிறகு நடந்தது. விடிவதற்குள் ஊர்ப் பெரியவர்களிடமிருந்து ஆள் வந்துவிட்டது. சாயங்காலம் கோயிலடிக்கு வரச் சொன்னார்களாம், பேசி முடித்துவிடலாமாம். கோயிலடியில் பேசி முடித்ததை அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். மேஸ்திரியின் ஆட்கள் இருவர் ஊர் எல்லை மதகில் சைக்கிளோடு உட்கார்ந்து, போகிறவர்களையெல்லாம் எங்கே போகிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மதகடிப்பட்டுக்குப் போய் பஸ் ஏற அந்த ஒரு வழிதான். லீவு போட்டுவிட்டு என் அம்மா வீட்டுக்கே ஓடிவிடலாமா என்று இருந்தது எனக்கு.

மாமியார் வெந்நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுப்பிலிருந்து விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்தார்.

"எழவு வூட்டுக்குப் போறவள குளிச்சியான்னு யாரு கேக்கப் போறாங்க? எங்க போறன்னும் கேக்க மாட்டாங்க."

உண்மைதான். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் போட்டது போட்டபடி கிளம்புவார்கள். தலை சீவுவதில்லை, திரும்பி வந்துதான் குளியல். வழியில் நிறுத்திக் கேள்வி கேட்டால் கேட்டவனுக்கே ஆகாது என்பார்கள். கோயிலுக்கென்று கட்டி வைத்திருந்த சாமந்தி மாலையை ஒருத்தி எடுத்து வந்தாள். அன்று வகுப்பில் கண்டக்டரைச் சொல்லிச் சிரித்தாளே, அவள்தான். கூலி போனால் போகிறது என்று இன்னும் சிலர் கூடச் சேர்ந்தார்கள். எல்லோரும் தலையை அவிழ்த்துவிட்டோம். மருமகளுக்கு முக்காடு போட்டு நடுவில் வைத்துக்கொண்டோம். மாலை என் கையில் இருந்தது.

இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு. தோகை உரசும் ஒவ்வொரு சத்தத்துக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. மதகு தெரிந்ததும் மாமியார் ஒப்பாரியை எடுத்தார், மற்றவர்களும் மாரில் அடித்துக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள். மதகில் இருந்தவர்கள் எழுந்தார்கள். ஒருவன் பீடியை மிதித்து அணைத்து, சைக்கிளை ஓரமாக நகர்த்தினான். இன்னொருவன் நகரவில்லை. முக்காடு போட்டிருந்தவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"இன்னா டீச்சர், நீங்களுமா?"

முடிந்தது கதை என்று நினைத்தேன். மாலையை மாரோடு இறுக்கினேன், இதழ்கள் உதிர்ந்தன. பிறகு, என்னையும் மீறி, ஓவென்று அழுதுவிட்டேன். பயத்தில் வந்த அழுகை அது. அவன் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு விலகி நின்றான். வாழ்க்கையில் என் கோழைத்தனம் உருப்படியாக உதவியது அந்த ஒரு தடவைதான்.

பஸ்ஸில் எங்கள் பக்கம் யாரும் உட்காரவில்லை. மாலையைப் பார்த்துக் கண்டக்டரும் தள்ளி நின்றே டிக்கெட் கொடுத்தார். திருபுவனையில் மில் ஷிப்டு முடிந்த ஆட்கள் திமுதிமுவென்று ஏறியபோது, அதில் மேஸ்திரியின் சொந்தக்காரன் இருப்பானோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். வில்லியனூர் தாண்டும்வரை அவள் என் முந்தானையை விடவில்லை. யார் யாரைப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பதே சந்தேகம்தான்.

பெரியாஸ்பத்திரி வாசலில் காவல்காரர் எங்கள் அவிழ்ந்த தலையையும் மாலையையும் பார்த்தார். நாங்கள் கேட்காமலே கையை நீட்டி, பிணவறை பின்பக்கம், சத்தம் போடாமல் போங்கள் என்றார். நான் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். காலையிலிருந்து என்னிடம் சொன்ன ஒரு வார்த்தையைத் தவிர வேறெதுவும் பேசாதிருந்தவள் முக்காட்டை இறக்கினாள்.

"யாரும் சாவலண்ணா. நான் உயிரோடதான் கீறேன். எனக்கு நடந்தத டாக்டருகிட்ட சொல்லணும். எந்தப் பக்கம் போவணும்?"

அவர் நீட்டிய கையை மெல்ல மறுபக்கம் திருப்பினார். அவள் முன்னால் நடந்தாள்.