ரோஸ் அடித்த சுவர்

வீட்டுமனைப் பட்டாவுக்குக் கணக்கெடுக்கும்போது பணியாளர் சுவரில் எழுதும் எண் அவருடைய வசதிக்கு மட்டுமே. உரிமைக்கு ஆதாரம் பதிவேட்டில் உள்ள பதிவுதான். சுவருக்கு வெள்ளை அடித்தாலும், சுவரே இடிந்தாலும் பதிவு போகாது. இதுதான் விதி. வருவாய்த் துறையில் இருபது வருடம் இதைப் பிறருக்கு எடுத்துச் சொன்னவன் நான்.

எண்பதுகளின் கடைசியில், ஒரு மார்கழி ஞாயிறன்று, எங்கள் தாம்பரம் அலுவலக மனமகிழ் மன்றம் கேளம்பாக்கத்துக்கு அப்பால் ஒரு கிராமத்துக்குச் சுற்றுலா போனது. பொங்கலுக்கு வெளிநாட்டு விருந்தாளிகள் வரப்போகிறார்கள் என்று யாரோ ஒரு மேலதிகாரி அந்த ஊர் முழுவதற்கும் வண்ணம் அடிக்க ஒப்பந்தம் விட்டிருந்தார். வண்டலூர் வழியாகப் போனால் ஒரு மணி நேரம். மன்றச் செயலாளரின் மைத்துனி கோவிலம்பாக்கத்தில் இருந்தார். ஆகவே பேருந்து அங்கே போய், அவர் பூ வைத்து முடிக்கும்வரை நின்று, மேடவாக்கம், நாவலூர் என்று ஊரைச் சுற்றி, வெயில் ஏறியபின் போய்ச் சேர்ந்தது.

ஊர் வண்ணமாகத்தான் இருந்தது. பிய்ந்த கூரைகளுக்குக் கீழே ரோஸ், கிளிப்பச்சை, மஞ்சள். குடிநீர்க் குழாய்க்கு நீலம், தண்ணீர் வரவில்லை. எங்கள் ஆட்கள் புளியோதரைப் பொட்டலத்தோடு யார் யார் வாசலிலோ நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கண்காணிப்பாளரின் மனைவி, காயும் துணிகளை எடுக்கச் சொல்லி ஒரு வீட்டில் அதட்டினார். படத்துக்கு எடுப்பாக இல்லையாம்.

தெருக்கோடியில் ஒரு சுவர் மட்டும் சுண்ணாம்போடு நின்றது. நடுவில் மட்டும் சுண்ணாம்பு படாமல் ஒரு சாண் கட்டம் விட்டு, அதற்குள் தாரால் எழுதிய எண். முன்னால் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி கைகளை விரித்து நின்றாள். தெருவில் மற்றவர்களுக்குப் பட்டா வந்துவிட்டதாம். கணவன் செத்த வருடம் கணக்கெடுத்து எண் எழுதிப்போன இவளுடையது மட்டும் பாக்கி.

"செவுரு முச்சூடும் அடிச்சிக்கோ. நம்பர் மேல கை வச்ச, கைய ஒடிச்சிருவேன்."

"எடம் வுட்டா பில்லு பாஸாவாதுக்கா, நவுரு" என்றான் பெயின்டர்.

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்கதான் எதுக்கெடுத்தாலும் ரூல் பேசுவீங்களே, சொல்லுங்க சார். குரூப் போட்டோவுக்கு லேட்டாகுது."

சொன்னேன். "எண் ரெஜிஸ்டர்ல இருக்கும்மா. சுவர்ல இருக்கறதுக்கு மதிப்பில்லை. விடுங்க."

"கீதுன்றியே சார், நீ பாத்தியா?"

"பார்க்க வேண்டியதில்லை. ரூல் அது."

"நீ ஆபீசரா?"

"ஆமாம்."

அவள் கைகளை இறக்கினாள். இரண்டே இழுப்பில் எண் ரோஸுக்குள் போனது.

"உன் அட்ரெஸ் குடு. இல்லேன்னு சொன்னாங்கன்னு வையி, உன் வூட்டு வாசல்ல வந்து குந்திக்குவேன்."

எழுதிக் கொடுத்தேன். பிறகு அந்தச் சுவர் முன்னால் வரிசையாக நின்று எல்லோரும் சிரித்தோம்.

மாசியில் வந்தாள். தாலுகா ஆபீசில் எண்ணைக் கேட்கிறார்களாம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எண் தேவைப்பட்டால் சுவரைக் காட்டுவது அவள் வழக்கம். அவ்வளவு விதி தெரிந்த நானும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. என்னிடம் இருந்தது குரூப் போட்டோ. அதில் எண் இருந்த இடத்தில் மைத்துனியின் தலை, பின்னால் ரோஸ்.

பதிவேட்டின் சான்றிட்ட நகல் கேட்டு, உரிய கட்டண வில்லை ஒட்டி மனுப் போட்டேன். நினைவூட்டல் மூன்று அனுப்பினேன், எல்லாம் ஒப்புகை அட்டையோடு. மாதம் ஒருமுறை அவள் வந்து, சொன்னபடியே வாசலில் குந்தினாள். என் மனைவி கொடுத்த காபியை ஒருமுறையும் தொடவில்லை. "வந்துச்சா?" என்பாள். இல்லை என்றால், அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கேட்கும்படி, "இவருதான் ஆபீசரு!" என்பாள்.

கடைசியில் பதில் வந்தது. மேற்படி கணக்கெடுப்புப் பதிவேடு அலுவலகத்தில் கிடைக்கப்பெறவில்லை. மனுதாரர், சுவரில் எழுதப்பட்ட எண்ணை நேரடி ஆய்வின்போது காட்டினால் கோரிக்கை பரிசீலிக்கப்படும்.

தபால்காரர் அவளைத் தாண்டி வந்துதான் அதை என் கையில் கொடுத்தார். மறு வருடம், போகிக்கு முந்தின நாள்.