ரெஜினா பின்தொடர்ந்த வினைச்சொல்

செய்தி வந்தபோது, ஹைதராபாத்தை ஒட்டிய பட்டான்செருவில் ஒரு ஷேர் ஆட்டோவுக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். ரெஜினாவின் மகள் ஜெனி அனுப்பியிருந்தாள்: ‘ஆன்ட்டி, மம்மி நோ மோர்.’ ஆட்டோக்காரர் இன்னும் ஒரு ஆளுக்காகக் கூவிக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இனி சொல்ல முடியாதே என்று தோன்றியது. அதன் பின்னாலேயே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இனி சொல்ல வேண்டியதில்லை என்றும் தோன்றியது. அப்படிப்பட்டவள்தான் இந்த அஞ்சலியை எழுதுகிறேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்கு ஒரு சிறு நினைவு மலர் கொடுக்கப் போகிறார்கள். அதற்கு என்னை எழுதச் சொன்னதும் ஜெனிதான். தமிழ் நன்றாகப் புரியும் அவளுக்கு, பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும். ‘ஆன்ட்டி, மீரே ராயண்டி. தமிழ்லோனே’ என்றாள். நீங்களே எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். மம்மிக்கு உங்கள் தமிழ் பிடிக்கும் என்றும் சொன்னாள். எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

இதைப் படிக்கப்போகிறவர்களில் பாதிப் பேர் பட்டான்செரு மருந்துக் கம்பெனியின் டாக்குமென்ட் செக்‌ஷனில் எங்களோடு உட்கார்ந்தவர்கள். ரெஜினா என்றதும் உங்களுக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று, ‘ஷ்ரைவ்’ என்ற பழைய ஆங்கிலச் சொல். இன்னொன்று, வலி மாத்திரைப் பெட்டிக்குள் வைக்கிற சீட்டில் விட்டுப்போன ஒரு வரி. முதலாவதை அவர் ஆசையாகத் தூக்கிச் சுமந்தார். இரண்டாவதை அவர் தலையில் கட்டியவள் நான்.

அந்தச் சொல்லுக்கு வழி காட்டியது எங்கள் மேலாளர் ராவ் சார்தான். ஒரு கையேட்டின் ஐந்தாம் பகுதிக்கு நாங்கள் ‘ஷார்ட் ஷ்ரிஃப்ட்’ கொடுத்துவிட்டோம், அதாவது சரியாகக் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று மெயிலில் கடிந்திருந்தார். நாங்கள் எல்லோரும் ஐந்தாம் பகுதியைத் திறந்தோம். ரெஜினா அகராதியைத் திறந்தார். டீ நேரத்தில் ஓட்டமாக வந்தார். ‘ஏட்டி கல்பனா, இதக் கேளு. தூக்குல போடப்போறவன்ட்ட, பாவத்தச் சொல்லி முடிச்சுக்கன்னு கொஞ்ச நேரம் குடுப்பாகல்லா, அதான் ஷார்ட் ஷ்ரிஃப்ட். சார் நம்மளத் தூக்குக்கே அனுப்பிட்டாக!’ பதினெட்டு வருட ஹைதராபாத் அவருடைய தூத்துக்குடித் தமிழைத் தொடக்கூட இல்லை. ‘ஏனுங்க்கா, உங்களுக்கு வேற வேலையே இல்லீங்களா?’ என்று கோயம்புத்தூர்க்காரியான நான் கேலி செய்தேன். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள்.

அதற்குப் பிறகு அவர் அந்தச் சொல்லை விடவில்லை. ஷ்ரிஃப்ட்டுக்குப் பின்னால் ஷ்ரைவ் என்ற வினைச்சொல் இருந்தது. பாவத்தைக் கேட்பது, பரிகாரம் விதிப்பது, மன்னித்து அனுப்புவது என எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். கத்தோலிக்கரான ரெஜினாவுக்கு, சாமியார் என்று அவர்கள் சொல்லும் பாதிரியாரிடம் போய்ப் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் சின்ன வயதிலிருந்து பழகிய விஷயம். அதனால் அந்தச் சொல்லைத் தன் ஊர்க்காரியைப் பார்த்த மாதிரிப் பிடித்துக்கொண்டார். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமைக்கு ஆங்கிலத்தில் இன்னமும் இந்தச் சொல்லிலிருந்து வந்த பெயர்தான் என்று கண்டுபிடித்த வருஷம், ஒரு பெரிய தூக்குச்சட்டி நிறைய முட்டை தோசை கொண்டுவந்தார். ‘நாளையிலேருந்து நான் ஒருசந்தி, ஒரு நேரச் சாப்பாடுதான். இன்னைக்கே தின்னு தீத்துருங்க’ என்று தட்டுத் தட்டாக வைத்தார். நான் நாலு தின்றேன்.

சொல்லின் வேரைக் கண்டுபிடித்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. லத்தீனில் அது வெறுமனே ‘எழுது’ என்று பொருள்படும் ஒரு சொல். ஜெர்மானியர்கள் அதை வாங்கி இன்றுவரை எழுதுவதற்கே வைத்திருக்கிறார்கள். ஆங்கிலேயர்களிடம் எழுதுவதற்கு வேறு சொல் இருந்தது. அதனால் வந்த சொல்லை இன்னதுதான் உனக்கு என்று விதிப்பதற்கு வைத்துக்கொண்டார்கள். எழுதுவது எப்படித் தண்டனையாக மாறியது என்று எனக்குப் புரியவில்லை. ‘டாக்டர் மருந்து எழுதிக் குடுக்காருன்னு சொல்லுதோமே, அதே கதைதான்’ என்றார் ரெஜினா. ‘சாமியார் உனக்குள்ள பரிகாரத்த எழுதிக் குடுக்காரு. அவ்வளவுதான் முதல் அர்த்தம். கேக்குறது, மன்னிக்கிறது எல்லாம் பின்னால வந்து ஒட்டிக்கிட்டது.’ மருந்துக் கம்பெனியில் இருந்த எங்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இப்போது அந்தச் சீட்டு விவகாரத்துக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன், தெரிகிறது.

வயிற்றுப்புண் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த மாத்திரையைச் சாப்பிடக் கூடாது என்ற வரியைச் சேர்க்கும்படி கடைசி நேரத்தில் உத்தரவு வந்தது. கம்ப்யூட்டர் பிரதி ஏற்கெனவே பூட்டப்பட்டுவிட்டது. அதனால் ரெஜினா அச்சுக்குப் போகும் தாளில் அந்த வரியைப் பேனாவால் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு அனுப்பினார். அச்சகத்தில் அதைக் கவனிக்கவில்லை. அச்சகம் அனுப்பிய ப்ரூஃபும் ரெஜினாவின் தாளும் சேர்ந்து என் மேஜைக்கு வந்தன. ஒருவர் கமா, ஃபுல்ஸ்டாப் உட்படச் சத்தமாகப் படிக்க, மற்றவர் விரல் வைத்துப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். அன்று ரெஜினா லீவு. யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். கம்பெனி பஸ் கிளம்பிவிடுமே என்று, ஒரு வரிகூடப் பார்க்காமல் ‘சரிபார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, மேஜையில் மிச்சம் கிடந்ததைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

சீட்டுகள் அச்சாகிப் பெட்டிகளில் ஏறிய பிறகு, சரக்கு வெளியே போவதற்கு முன்னால், தவறு தெரிந்தது. நல்லவேளை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் விசாரணை வந்தது. ‘நான் எழுதினேன் சார், பேனாவால எழுதினேன்’ என்று ரெஜினா திரும்பத் திரும்பச் சொன்னார். கம்ப்யூட்டரில் அந்த வரி இல்லை. தாளையும் காணவில்லை. ப்ரூஃப் கம்ப்யூட்டர் பிரதியோடு பொருந்தியதால் என் கையெழுத்தில் யாரும் தப்புக் காணவில்லை. அன்று மாலை வீட்டில் என் பையைக் கொட்டினேன். சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது அந்தத் தாள். நீல மையில், குண்டு குண்டான எழுத்தில், அந்த வரி.

மறுநாள் ராவ் சார் என்னிடம் கேட்டார், அந்தத் தாள் உன்னிடம் வந்ததா என்று. ‘ஞாபகம் இல்ல சார்’ என்றேன். இதைச் சொன்னது நான். மூன்றே சொல். அப்போது என் வேலையை நிரந்தரமாக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதைக் காரணமாகச் சொல்லவில்லை. பயந்தேன், அவ்வளவுதான். வேலை நேரத்தில் சொல்லாராய்ச்சி செய்தால் இப்படித்தான் ஆகும் என்று உங்களில் சிலர் பேசினீர்கள். நானும் தலையாட்டினேன். ரெஜினாவை கோடவுன் பதிவேட்டுக்கு மாற்றினார்கள். ஆறு மாதத்தில் அவரே வேலையை விட்டுவிட்டார்.

அவர் என்னிடம் சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தார். ‘எழுதின மாதிரியே இருக்குட்டி. கைகூட ஞாபகம் வச்சிருக்கு. ஆனா எழுதலையோ என்னமோ’ என்றார் ஒருநாள். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கப் பாதி வழியிலிருந்து திரும்பிப் போகிற ஆளாகிவிட்டார். ராமச்சந்திராபுரத்தில் அவர் வீட்டுக்கு நான் போவதும் வருவதும் நிற்கவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக் வாங்கித் தின்றேன். அந்தத் தாளை என் வீட்டு பீரோவில், சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். கிழிக்கவும் துணிச்சல் இல்லை, கொடுக்கவும் துணிச்சல் இல்லை.

வேலையை விட்ட பிறகும் அவர் ஷ்ரைவை விடவில்லை. ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தார். முதலில் சாமியார் மட்டுமே செய்கிற காரியமாக இருந்த அந்தச் சொல், பிறகு பாவத்தைச் சொல்லுகிறவனுக்கும் பொதுவானது. ஒருவன் போய்த் தன்னையே ஷ்ரைவ் செய்துகொள்ளலாம் என்றானது. அப்புறம் இங்கிலாந்தில் திருச்சபை மாறியது, சாமியாரிடம் போய்ச் சொல்லும் வழக்கம் குறைந்தது, சொல்லும் மங்கிவிட்டது. ‘வேல போச்சுன்னா சொல்லயும் யாரும் தேட மாட்டாக, பாத்துக்க’ என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், தவக்காலத்துக்கு முந்தைய அதே செவ்வாய்க்கிழமை, சொல்லிவிடுவது என்றே அவர் வீட்டுக்குப் போனேன். ‘அக்கா, அந்தச் சொல்லுக்கு முதல்ல மன்னிப்புங்கற அர்த்தமே இல்லைன்னு சொன்னீங்கல்ல. மன்னிப்பு வேண்டாம், தண்டனை மட்டும் போதும்னு ஒருத்தி கேட்டா?’ என்றேன். ரெஜினா தோசைக் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். ‘யாருட்டி அது? உனக்கா? நீ என்ன பாவத்தட்டி பண்ணிக் கிழிச்ச!’ என்று என் கன்னத்தில் செல்லமாகத் தட்டினார். ‘சும்மா கேட்டேனுங்க்கா’ என்றேன். அவ்வளவு பக்கத்தில் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

மேலே உள்ளதை எழுதி முடித்ததும் நேற்று ஜெனியிடம் போய் வாசித்துக் காட்டினேன். பீரோவில் இருந்த அந்தத் தாளை அவள் கையில் கொடுத்தேன். மம்மியின் எழுத்தை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘மம்மீகி தெலீதா?’ என்றாள். தெரியாது என்றேன். ‘ஒக்கசாரி கூடா செப்பலேதா மீரு?’ ஒரு தடவைகூடச் சொல்லவில்லையா நீங்கள்? இல்லை என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மலரில் போடுவதா வேண்டாமா என்று நான் கேட்டதற்கு, ‘ஒக்க லைன் கூடா தீயொத்து’ என்றாள். ஒரு வரிகூட எடுக்கக் கூடாது.

கிளம்பும்போது வாசலில் வைத்து அவள் சொன்னாள். ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று மாதமும், ஒவ்வொரு மாத்திரைப் பெட்டியைப் பிரிக்கும்போதும், ரெஜினா உள்ளே இருக்கும் சீட்டை எடுத்து, விரல் வைத்து, கடைசிவரை படிப்பாராம். எச்சரிக்கை வரி வரும் இடத்தில் விரலை நிறுத்தி, ‘பாரு, இவுக ஒழுங்கா எழுதியிருக்காக. நான்தான் விட்டுட்டேன்’ என்பாராம்.

ரெஜினாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவருடைய இந்த வாக்கியம்தான். அவர் வாயில் அதை வைத்தவள் நான். நான் இருக்கும்வரை அது என்னோடு இருக்கும்.

நீங்க எழுதினீங்க அக்கா. நான் பார்த்தேன்.