மாமியார் போட்ட ரெண்டு நட்சத்திரம்

என் ஒன்றுவிட்ட தங்கையின் மூத்த மருமகள் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பாள். வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டரில் பஸ் செய்வாள். யாரோ செய்த பஸ் விளையாட்டுக்குள் தன் சொந்த டவுன் பஸ்ஸைச் செருகியிருந்தாள். அதற்கு ‘மாட்’ என்று பெயராம். ஏழு மாத உழைப்பு. கண்டக்டர் உண்டு, விசில்கூட உண்டு!

அதை ஒரு இணையதளத்தில் வைத்தாள். எடுத்து ஓட்டுகிறவர்கள் ஐந்து வரை நட்சத்திரம் போடலாம். வெள்ளிக்கிழமைக்குள் சராசரி மூன்றைத் தொடாவிட்டால் வண்டியைத் தளத்திலிருந்து தூக்கிவிடுவார்கள். இவளுக்கோ இரண்டேகால். ஓட்டிப் பார்க்காமலே போடலாம் என்பதால் வந்த வினை. ஒரு புண்ணியவான், “எனக்கு லாரிதான் பிடிக்கும்” என்று எழுதி ஒன்று போட்டிருந்தான்.

எனக்குப் பொறுக்குமா? சித்தப்பா வகை, அத்தை வகை, சம்பந்தி வகை என்று இருபத்துமூன்று பேரை முடுக்கினேன். அரைமணியில் இருபத்துமூன்று ஐந்து! “எங்க வீட்டு மருமக தங்கம்” என்று என் மச்சான் கருத்து வேறு எழுதினார். தளத்துக்காரர் அத்தனையும் போலி என்று ஒரே துடைப்பாகத் துடைத்துவிட்டார்.

“பிள்ளையார் பிடிக்கக் குரங்காப் போச்சே, மாமா!”

அழுவதா சிரிப்பதா தெரியாமல் அவளே தளத்துக்காரருக்கு எழுதினாள்: அரைமணி ஓட்டினவருக்கு மட்டும் நட்சத்திரம் திறக்கட்டும், குறை சொன்னால் எந்த இடத்தில் என்றும் சொல்லட்டும்.

“உங்க வண்டியிலேயே சோதிச்சுப் பாப்போம். பழசெல்லாம் அழிச்சாச்சு. ஆனா வெள்ளி வரைக்கும்தான்” என்றார் அவர்.

சொந்தக்காரர்கள் பாடு திண்டாட்டம். மச்சான் நாலாவது நிமிஷமே பஸ்ஸை நீரூற்றுக்குள் இறக்கினார். வெளியார் சிலர் ஓட்டி முடித்து, “மூணாவது ஸ்டாப்ல என்னமோ இடிக்குது” என்று இரண்டு, மூன்று போட்டார்கள். எங்கள் கூட்டத்தில் அரைமணி தாக்குப்பிடித்தது என் தங்கை ஒருத்திதான். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவள். அவள் போட்டது ரெண்டு!

“அடிப்பாவி, நீ மாமியாரா, எதிரியா?”

“நீ சும்மா இருண்ணே. மூணாவது ஸ்டாப்ல வயசானவ ஒரு கால்தான் படியில வைக்கிறா, அதுக்குள்ள விசில் ஊதுறான். அவனெல்லாம் ஒரு கண்டக்டரா?”

“அத்தே!” என்று துள்ளினாள் மருமகள். “எல்லாரும் சொன்னது இதைத்தானா!” மாமியாரைக் கட்டிக்கொண்டு கூடத்தையே ஒரு சுற்றுச் சுற்றினாள். அப்புறம் தங்கை எழுந்து நின்று காட்டினாள்: பின்படியைப் பார்க்கணும், முன்படியைப் பார்க்கணும், அப்புறம்தான் விசில். மருமகள் அதை அப்படியே கண்டக்டருக்குள் ஏற்றினாள்.

வியாழக்கிழமை திருத்திய பஸ் கிளம்பியது. குறை சொன்னவர்களே திரும்ப ஓட்டி நட்சத்திரத்தை ஏற்றினார்கள். வெள்ளி மதியம் சராசரி நாலைத் தாண்டியது! இனி தளத்தில் எல்லா ‘மாட்’களுக்கும் இதே விதிதான் என்று தளத்துக்காரர் அறிவித்துவிட்டார்.

தங்கை மட்டும் நாலோடு நின்றுகொண்டாள்.

“அஞ்சாவது என்னாச்சு அத்தே?”

“மழை பெஞ்சா ஜன்னலை மூட முடியுதா பாரு, அப்புறம் பேசு.”

மருமகள் சாப்பாட்டுத் தட்டோடு மழை செய்ய உட்கார்ந்துவிட்டாள்.